பழைய அட்டைப்பெட்டியிலிருந்து கிராஃப்ட் காகிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அட்டை வாங்கி விற்பவர், பெட்டி அடிப்பவர், ஆலையில் புதிதாக ஷிஃப்டுக்கு வந்தவர் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. பழைய அட்டையை மட்டுமே மூலப்பொருளாக வைத்து ஓடும் கொங்கு வட்டாரத்து நடுத்தர கிராஃப்ட் ஆலைகளை மனதில் வைத்து எழுதியது. அளவுகள் ஆலைக்கு ஆலை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பழைய பெட்டியைக் கரைத்தால் என்ன காகிதம் வரும்? வெள்ளைத் தாள் வருமா?

வராது. பெட்டிக்குப் போகிற, கிராஃப்ட் என்னும் பழுப்புத் தாள்தான் திரும்ப வரும். மூன்று ப்ளை பெட்டி ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். வெளியே ஒரு தாள், உள்ளே ஒரு தாள், நடுவே நெளி நெளியாக ஒரு தாள். மூன்றையும் ஒட்டியிருப்பது ஸ்டார்ச் பசை. தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் தானாகக் கழன்றுவிடும். மறுசுழற்சிக்கு இவ்வளவு தோதான பொருள் வேறு இல்லை. மையை நீக்க வேண்டியதில்லை, வெளுக்க வேண்டியதில்லை. மரத்தின் லிக்னின் நாரிலேயே தங்கியிருப்பதால் நிறம் பழுப்பாகவே இருக்கும்.

சந்தையில் "கோல்டன்" என்று விற்பது சாயம் போட்ட தாள். சாயத்தால் நிறம் கிடைக்கும், வலு கிடைக்காது. மஞ்சள் கூடினால் தாள் உறுதி என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் ஆலைகளும் சாயம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

எந்த அட்டையை ஆலை விரும்பி வாங்கும்? எதைத் தள்ளும்?

முதல் மரியாதை பெட்டித் தொழிற்சாலையில் விழும் புதுக் கட்டிங்குக்கு. அதில் டேப் இல்லை, பின் இல்லை, மண் இல்லை. அடுத்தது சூப்பர் மார்க்கெட்டிலும் மொத்தக் கடைகளிலும் விழும் பெட்டி. கடைசியாக, தெருவில் பொறுக்கிக் காயலாங்கடை வழியாக வருவது. நாரைப் பார்த்தால் மூன்றும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே எவ்வளவு குப்பை, எவ்வளவு ஈரம் என்பதில்தான் விலை வித்தியாசம்.

தள்ள வேண்டியவை: மெழுகு பூசிய மீன் பெட்டி, பழப் பெட்டி, பிளாஸ்டிக் லேமினேட் செய்த அட்டை, பால் மற்றும் ஜூஸ் பாக்கெட் அட்டை, ஈரத்தில் கரையாதபடி ரெசின் சேர்த்த அட்டை. கடைசி வகையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு துண்டைக் கிழித்து வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுக் கையால் பிசையுங்கள். கூழாகாமல் துணிபோல நின்றால் அது வேண்டாம். தெர்மாகோல் பார்க்கச் சாதுவாக இருக்கும். அட்டையைத் தண்ணீரில் கரைக்கும் பல்ப்பர் தொட்டியில் போனதும் குருணையாக உடைந்து, கூழோடு மிதந்து, காகிதத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்து உட்காரும்.

வெள்ளைக் காகிதமும் ஒரு பக்கம் வெள்ளைப் பூச்சுள்ள டூப்ளெக்ஸ் அட்டையும் கலந்து வந்தால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நல்லதல்ல. அவற்றில் நாரோடு சுண்ணாம்புப் பொடியும் களிமண்ணும் சேர்ந்திருக்கும். எடைக்குக் காசு கொடுக்கிறோம், அந்தப் பொடியால் வலு ஒன்றும் வராது. சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து பின்னால் வேறொரு தொல்லை தரும், அது கீழே வருகிறது.

லோடில் ஈரக் கழிவு எப்படிப் போடுவது? இதில்தான் எப்போதும் தகராறு.

கணக்கு எளிது. நன்றாகக் காய்ந்த அட்டையிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்பதால், 10% வரை கழிவில்லை என்பது பரவலான அடிப்படை. 10,000 கிலோ லோடு வந்து ஈரம் 22% என்றால், உள்ளே இருக்கும் முழுக் காய்ந்த சரக்கு 7,800 கிலோ. இதை 10% ஈர அடிப்படைக்கு மாற்ற 0.90 ஆல் வகுத்தால் 8,667 கிலோ. கழிவு 1,333 கிலோ. பல இடங்களில் "22-இல் 10 போனால் 12%" என்று 1,200 கிலோ மட்டும் கழிக்கிறார்கள். ஒரு லோடுக்கு 133 கிலோ தண்ணீரை அட்டை விலைக்கு வாங்குகிறார்கள் என்று பொருள்.

ஈரமானியை பேலின் (அட்டையை அமுக்கிக் கம்பியால் கட்டிய கட்டு) மேல் முகத்தில் குத்திப் பார்ப்பது வீண். வெயிலில் நின்ற லாரியில் மேல்பக்கம் காய்ந்தும் நடுவில் சொதசொதவென்றும் இருக்கும். நீளமான முள் உள்ள மானியால் ஒரு பேலுக்கு நான்கு இடமாவது, குறைந்தது ஓரடி ஆழத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் பேலை வெட்டி, நடுவிலிருந்து ஒரு கிலோ சாம்பிள் எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை நிலைக்கும்வரை வையுங்கள். அந்தக் கணக்குக்கு மேல் அப்பீல் இல்லை.

ஈரம் எடைப் பிரச்சினையோடு முடிவதில்லை. நனைந்த பேல் மூன்று வாரம் கிடந்தால் உள்ளே சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், ஸ்டார்ச் புளிக்கும், நாரும் வலு இழக்கும். மழைக்காலத்துச் சரக்கை முதலில் ஓட்டிவிடுவதுதான் புத்தி.

உள்ளூர் அட்டையே குவியும்போது அமெரிக்க அட்டையை ஏன் கப்பலில் கொண்டுவருகிறார்கள்?

நாரின் நீளத்துக்காக. அமெரிக்கப் பெட்டிகளில் பைன் மர நார் அதிகம், நீளம் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். நம் ஊர்ப் பெட்டி ஏற்கெனவே பல சுற்று கரைந்து வந்தது. கரும்புச் சக்கை, வைக்கோல் நாரும் கலந்திருக்கும். நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். 16 பிஎஃப் (தாளின் வெடிப்பு வலுவைச் சொல்லும் எண், விளக்கம் பின்னால்) தாளுக்கு உள்ளூர்ச் சரக்கே போதும். 22, 24 என்று போகும்போது நீள நார் கொஞ்சமாவது கலக்காமல் கரை சேர முடியாது.

இறக்குமதிச் சரக்கில் 11-ஆம் எண் தரம் என்றால் தடை செய்த பொருள் 1 சதவீதத்துக்குள், 12-ஆம் எண் என்றால் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கப் பழைய பொருள் வணிகத்தின் விவரக்குறிப்பு இது. விலையை மாற்றியது சீனா. 2018 மார்ச் முதல் பழைய அட்டையில் அரை சதவீதத்துக்கு மேல் குப்பை இருந்தால் அங்கே இறக்க முடியாது என்றானது. 2021 ஜனவரி முதல் எல்லாத் திடக்கழிவு இறக்குமதிக்கும் தடை. அங்கே போக இருந்த சரக்கு இந்தியா, வியட்நாம், மலேசியா என்று திரும்பியது. நம் ஆலைகளுக்கு வரும் கண்டெய்னரின் விலை இன்று சென்னை, தூத்துக்குடியைத் தாண்டி எங்கோ முடிவாகிறது.

பல்ப்பரில் என்ன நடக்கிறது?

பெரிய மிக்ஸி என்று சொல்வார்கள். அந்த உவமைதான் பாதித் தவறுக்குக் காரணம். மிக்ஸி வெட்டும், பல்ப்பர் வெட்டக்கூடாது. தண்ணீரைச் சுழற்றி, நாரோடு நாரை உரசவைத்துப் பிரிப்பதுதான் அதன் வேலை.

தொடர்ந்து ஓடும் பல்ப்பரில் கூழின் அடர்த்தி 4 முதல் 5% வரை. 4.5% என்றால் ஒரு டன் நாருக்குச் சுமார் 21 டன் தண்ணீர். வெப்பம் 40-45 டிகிரி. அடியில் 8 முதல் 12 மில்லிமீட்டர் துளையுள்ள தட்டு வழியாகக் கூழ் இறங்கும். முழுசாகப் பிரியாத செதில் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை, அடுத்தடுத்த கட்டத்தில் பிரிந்துவிடும். இங்கேயே மாவாக்கிவிட வேண்டும் என்று கூடுதலாக ஓட்டினால் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் டேப்பும் துண்டு துண்டாகிவிடும். முழுசாக இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கையால் எடுக்கலாம். அது ஆயிரம் துண்டானால் கோடி ரூபாய் ஸ்கிரீனாலும் முழுக்க எடுக்க முடியாது. இந்தத் தொழிலில் குப்பையைப் பெரிதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மீதி எல்லாச் சிக்கலும் இதை மறப்பதால் வருவது.

பெரிதாக எடுக்கிற வேலையைச் செய்வது ராக்கர் கயிறு. தொடக்கத்தில் ஒரு கம்பியையோ பழைய கயிற்றையோ பல்ப்பருக்குள் விடுவார்கள். சுழலில் பேல் கம்பி, பிளாஸ்டிக், நூல், துணி எல்லாம் அதில் சுற்றிக்கொண்டு தொடைக்கனத்துக்கு ஒரு வால் உருவாகும். மேலே இருக்கும் வின்ச் அதை மெல்ல மெல்ல இழுத்து வெளியே கொண்டுவரும், கட்டர் துண்டு போடும். வேகமாக இழுத்தால் வால் மெலிந்து அறுந்து சுழலுக்குள் விழும். இழுக்காமல் விட்டால் பெருத்துப்போய் விளிம்பில் சிக்கும், ரோட்டரிலும் அடிக்கும். பேல் கம்பியை வெட்டித் தனியே எடுத்துவிட்டு பேலை மட்டும் போடும் ஆலைகளில் வால் நன்றாக உருவாகாது என்பது புதியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் கம்பி வேண்டும்.

அதன் பிறகும் மிஞ்சும் மணல், பின், பிளாஸ்டிக் எங்கே போகிறது?

எடையுள்ளதும் எடையில்லாததும் வெவ்வேறு வழியில் போகும். பின்னும் கல்லும் கண்ணாடியும் ஹெச்டி கிளீனரின் கூம்பில் சுழன்று அடியில் விழும். அடுத்து 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர் வட்டத் துளைக் கூடையுள்ள கோர்ஸ் ஸ்கிரீன், தட்டையான பிளாஸ்டிக் செதில் இங்கே நிற்கும். அதற்குப் பின் கீற்று போட்ட ஃபைன் ஸ்கிரீன். கீற்றின் அகலம் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். நாரின் தடிமன் இதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான், நீளவாக்கில் திரும்பி நுழைந்துவிடும். பிசின் உருண்டைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தடிமன் குறையாது, நின்றுவிடும். கடைசியில் கூழை 1 சதவீதத்துக்கும் கீழே தளர்த்திச் சென்ட்ரிகிளீனரில் ஓட்டினால் பொடி மணல் போகும். தளர்த்தாமல் ஓட்டினால் மணல் பிரியாது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று கிளீனரைத் தடிப்பாக ஓட்டுகிற ஆலையில் நாரைக் கசக்கும் ரிஃபைனரின் பிளேடும், கூழிலிருந்து தண்ணீரை வடிக்கும் வயர் வலையும் சீக்கிரம் தேயும்.

வெளியே வரும் பிளாஸ்டிக்கில் நல்ல நாரும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி எடுக்க ஒரு டெயில் ஸ்கிரீன் வேண்டும். மிச்சத்தைப் பிழிந்து, காயவைத்து, சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவது முறையான வழி. திறந்தவெளியில் எரிப்பது சட்டவிரோதம், புகையும் விஷம்.

"ஸ்டிக்கி" என்கிறார்களே, அது என்ன?

பேக்கிங் டேப்பின் கோந்து, ஸ்டிக்கர் பசை, உருக்கி ஊற்றிய ஹாட் மெல்ட், இவையெல்லாம் கரையாமல் நுண்ணிய பிசினாகக் கூழில் அலைவது. குளிர்ந்த தண்ணீரில் ரப்பர் மணிபோல இருக்கும், சூட்டில் இளகி வழியும். வயரின் கண்ணை அடைக்கும், தாளைப் பிழியும் இடத்துக் கம்பளியான ஃபெல்ட்டில் பற்றும், தாளைக் காயவைக்கும் ட்ரையர் சிலிண்டரில் ஒட்டித் தாளைப் பிய்க்கும். ஷிஃப்டுக்கு நாலு முறை தாள் அறுகிறது, ஒவ்வொரு முறையும் அறுந்த இடத்தில் கறுத்த பளபளப்பான புள்ளி இருக்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

ஃபைன் ஸ்கிரீனில் கூழ் 45 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் பிசின் கெட்டியாக இருந்து கீற்றில் நிற்கும். அதற்குமேல் சூடானால் நசுங்கிக் கீற்று வழியே புகுந்துவிடும். தப்பியதன் மேல் டால்க் பவுடர் போட்டு ஒட்டுகிற குணத்தைக் குறைக்கலாம். அது சமாளிப்புதான், தீர்வல்ல. கூழில் பிஹெச் திடீரென மாறினால், அதுவரை கரைந்து மறைந்திருந்த பிசின்கூட ஒன்றாகத் திரளும். அதனால் ஆலம் (அலுமினியம் சல்பேட்) அளவை ஒரே நேரத்தில் ஏற்றி இறக்காதீர்கள்.

பெட்டி பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முடிந்த இடத்தில் பிளாஸ்டிக் டேப்புக்குப் பதில், தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப் போடுங்கள். அதன் பசை ஸ்டார்ச், பல்ப்பரில் கரைந்து போய்விடும்.

ஒரு நார் எத்தனை முறை சுழலும்?

ஐந்து, ஆறு, ஏழு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையைக் கல்லில் பொறித்ததாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அட்டை நாரை ஆய்வகத்தில் 25 முறை சுழற்றியும் பெரிய வலு இழப்பு வரவில்லை. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் தூரம் உண்டு. ஆனால் "ஏழாவது முறை நார் செத்துவிடும்" என்பது சரியல்ல.

நாருக்கு நேரும் பெரிய சேதம் காய்வதில் இருக்கிறது. புது நார் ஊறிய அவல்போலப் பருத்து இளகி, பக்கத்து நாரோடு நன்றாகப் படியும். ட்ரையரில் ஒருமுறை காய்ந்ததும் அதன் சுவரில் உள்ள நுண்துளைகள் மூடிக்கொள்ளும். திரும்ப ஊறவைத்தாலும் பழைய அளவுக்குப் பருக்காது, விறைத்தே கிடக்கும். விறைத்த நார் நன்றாக ஒட்டாது, தாள் பஞ்சுபோல இருக்கும். இந்த இழப்பில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு சுற்றிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குறைவது மெதுவாக. நீளம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான், ரிஃபைனரில் வெட்டிவிடுகிறோம்.

ரிஃபைனிங்கைக் கூட்டினால் பிஎஃப் கூடுமா?

ஓரளவுக்கு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே நாரைக் கசக்கி, மேல்தோலைச் சிலிர்க்கவைத்து, விறைப்பைக் குறைப்பதுதான் ரிஃபைனிங். 30-லிருந்து 35 எஸ்ஆர் (கூழிலிருந்து தண்ணீர் வடிவதை அளக்கும் எண், கூடினால் வடிவது மெதுவாகும்) வரை போகையில் பிஎஃப் ஏறும். 40-ஐத் தாண்டினால் பொடி கூடி, வயரில் தண்ணீர் வடியாமல், மெஷின் வேகத்தை இறக்க வேண்டிவரும். பிஎஃப் 1 கூடி, உற்பத்தியில் 10% போனால் யாருக்கு லாபம்?

நல்ல வழி, கூழை நீள நார், குட்டை நார் என்று ஸ்கிரீனில் பிரித்து, நீள நாரை மட்டும் ரிஃபைனருக்கு அனுப்புவது. குட்டை நார் ஏற்கெனவே போதுமான அளவு நொந்திருக்கிறது. ரிஃபைனருக்குள் போகும் அடர்த்தி 3.5-4.5 சதவீதத்துக்கு இடையில் நிலையாக இருக்க வேண்டும். 3-க்குக் கீழே போனால் தட்டோடு தட்டு மோதி நாரை வெட்டும். ஆம்பியர் மீட்டர் ஆடிக்கொண்டே இருந்தால், ரிஃபைனரைக் குறை சொல்லும் முன் அடர்த்தி வால்வைப் பாருங்கள்.

ஸ்டார்ச் எதற்கு? எவ்வளவு?

நார் இழந்த ஒட்டும் குணத்தைத் திருப்பித் தருவதற்கு. டன் காகிதத்துக்கு 30 முதல் 60 கிலோ வரை, பெரும்பாலும் சைஸ் பிரஸ்ஸில் (தாளுக்குக் கஞ்சி பூசும் ரோல்கள்) தாளின் மேல் ஏற்றுவார்கள். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) தாளில் 4% என்றால் சதுர மீட்டருக்கு 4.8 கிராம். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி மாவும் சோள மாவும் இங்கே புழங்குகின்றன.

காய்ச்சுவது அடுப்படிக் கஞ்சிக் கலைதான். மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, ஆல்பா அமைலேஸ் என்சைம் சேர்த்து, 75-80 டிகிரிக்கு ஏற்றி 15-20 நிமிடம் நிறுத்துங்கள். கஞ்சி தளர்ந்து தண்ணீர்போல ஆகும். பிறகு 95-க்கு மேல் கொண்டுபோய் என்சைமைக் கொல்ல வேண்டும். இதைத் தவறவிட்டால் என்சைம் டேங்கிலும் தொடர்ந்து வேலை பார்த்து ஸ்டார்ச்சை வெறும் சர்க்கரைத் தண்ணீராக்கிவிடும். தாளில் எடை ஏறும், வலு ஏறாது. சைஸ் பிரஸ்ஸில் 8-12% அடர்த்தியில், 60-65 டிகிரியில் ஓட வேண்டும். சூடு இறங்கினால் கஞ்சி ஆறித் தயிர்போலத் திரண்டு ரோலில் கோடு கோடாகப் படியும்.

இன்னொன்று. இப்போது போடும் ஸ்டார்ச் அடுத்த சுற்றில் பல்ப்பரில் கரைந்து தண்ணீரோடு போகிறது. தாளுக்கு உரம் கொடுத்த அதே சரக்கு, தண்ணீரில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

ஆலைப் பக்கம் போனாலே வீசும் அந்த நாற்றம் அதனால்தானா?

அதனால்தான். ஆலைகள் தண்ணீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்பச் சுழற்றுகின்றன. வெளியேற்றம் குறையக் குறைய ஸ்டார்ச்சும் உப்பும் உள்ளேயே சேர்கின்றன. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா ஸ்டார்ச்சைத் தின்று ப்யூட்டிரிக், புரோபியோனிக் போன்ற அமிலங்களை விடும். புளித்த வாந்தி நாற்றம் என்று சொல்வது மிகையல்ல. தாளிலும் அது ஏறும். மழைநாளில் பெட்டியைத் திறந்ததும் வாடை வரும், துணி அனுப்புகிறவரும் டீத்தூள் அனுப்புகிறவரும் சரக்கைத் திருப்புவார்கள்.

மேலே சொன்ன சுண்ணாம்பு இங்கே வேலையைக் காட்டும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், ஆலமும், தாள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் சைசிங் ரசாயனமும் சரியாகப் பிடிக்காது. பின்னர் சுத்திகரிப்பில் காற்று ஊதும் இடத்தில் கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிந்து குழாயை அடைக்கும்.

வழி: சுற்றும் தண்ணீரில் ஒரு பகுதியைத் தொடர்ந்து எடுத்து, முதலில் காற்றில்லா ரியாக்டரிலும் பிறகு காற்றூட்டும் தொட்டியிலும் சுத்தம் செய்து திரும்ப விடுவது. காற்றில்லா ரியாக்டரில் நீக்கும் ஒவ்வொரு கிலோ சிஓடிக்கும் (தண்ணீரில் கலந்த கழிவை அளக்கும் கணக்கு) கோட்பாட்டளவில் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும், பாய்லருக்கு ஆகும். பாக்டீரியாவைக் கொல்லும் பயோசைடை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் செலவுதான் ஏறும். தொட்டிகளில் தேங்கும் மூலைகளைக் கழுவுங்கள். ஷட்டவுனுக்குக் கூழை நிறைத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அப்படித் தேங்கிய கூழ்த் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடியதும் மூக்கு மரத்து வாடையே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று இறங்குகிறவரும், அவரைத் தூக்க இறங்குகிறவரும் திரும்புவதில்லை. வாயு மானியில் பார்த்து, காற்று ஊதி, மேலே ஆள் நின்று, கயிறு கட்டி மட்டுமே இறங்க வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

ஒரு டன் காகிதத்துக்கு எவ்வளவு பழைய அட்டை வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 7% ஈரமுள்ள ஒரு டன் தாளில் காய்ந்த சரக்கு 930 கிலோ. அதில் ஸ்டார்ச் 40 கிலோ போனால் 890 கிலோ அட்டையிலிருந்து வர வேண்டும். அட்டையில் 88% தாளாகிறது என்று கொண்டால், காய்ந்த அட்டை 1,011 கிலோ. 10% ஈரச் சரக்கு என்றால் 1,124 கிலோ, 18% ஈரச் சரக்கு என்றால் 1,233 கிலோ. நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம், அத்தனையும் தண்ணீர்.

நீராவியை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பிரஸ்ஸில். ஈரத் தாளை ரோல்களுக்கு நடுவே பிழியும் இந்த பிரஸ்ஸிலிருந்து தாள் 45% காய்ந்து வந்தால், ஒரு கிலோ நாரோடு 1.22 கிலோ தண்ணீர் ட்ரையருக்குப் போகிறது. 46% என்றால் 1.17 கிலோ. ஒரே ஒரு சதவீதம் கூடுதலாகப் பிழிந்தால், அங்கே ஆவியாக்க வேண்டிய தண்ணீரில் 4 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பழைய ஃபெல்ட்டை "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று விடும்போது அந்த ஒரு வாரத்து விறகுச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பிஎஃப் என்பது என்ன? பெட்டி அடிப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

தாளை வெடிக்கவைக்கும் அழுத்தத்தை, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் வகுத்தால் பிஎஃப். 120 ஜிஎஸ்எம் தாள் 2.4 கிலோவில் வெடித்தால் 20 பிஎஃப். 100 ஜிஎஸ்எம் தாள் அதே 2.4-இல் வெடித்தால் 24 பிஎஃப். வெடிக்கும் அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் சதுர மீட்டருக்கு 20 கிராம் காகிதம் மிச்சம். கிலோ விலையை மட்டும் பார்க்கிறவர் இதைத் தவறவிடுவார்.

ஆனால் பிஎஃப் மட்டும் போதாது. கிடங்கில் பத்து அடுக்கு உயரத்துக்குப் பெட்டி நிற்க வேண்டுமானால், தாள் நெட்டாக நின்று எவ்வளவு தாங்கும் என்பதுதான் முக்கியம். அதற்கு ரிங் கிரஷ் சோதனையைக் கேளுங்கள். 24 பிஎஃப் தாள் போட்டும் அடிப்பெட்டி நசுங்கினால் பெரும்பாலும் குறை நெளிதாளில் இருக்கும். செலவைக் குறைக்கக் கண்ணுக்குத் தெரியாத நடுத்தாளில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்.

காப் என்பது ஒரு நிமிடத்தில் தாள் குடிக்கும் தண்ணீர், சதுர மீட்டருக்குக் கிராமில். வெளித்தாளுக்கு 30-40 சரி. அதைவிட மிகவும் இறக்கினால் தாளை நெளித்து ஒட்டும் கோரகேட்டரில் பசை ஏறாமல் ப்ளை பிரியும். அப்போது பசையைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்தியத் தரப்படி சோதனைக்கு முன் தாளை 27 டிகிரி, 65% ஈரப்பதத்தில் வைக்க வேண்டும். ஆலை நவம்பர் மழையிலும் நீங்கள் ஏப்ரல் வெயிலிலும் சோதித்தால் எண் ஒத்துப்போகாது, இருவருமே நாணயமானவர்களாக இருந்தாலும்.

இந்தத் தாளில் உணவுப் பொருள் கட்டலாமா?

பாக்கெட்டில் அடைத்த பொருளுக்கு வெளிப்பெட்டியாகத் தாராளமாகப் போடலாம். உணவு நேரடியாகத் தொடும்படி வேண்டாம். பழைய அட்டையோடு அச்சு மையின் கனிம எண்ணெய், கோந்து எல்லாம் வந்திருக்கும், சூடான எண்ணெய்ப் பலகாரம் அதை உறிஞ்சும். 2018-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய (FSSAI) பேக்கேஜிங் விதிகள் செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதையே தடை செய்திருக்கின்றன.

ஒரு டன் மறுசுழற்சிக்கு 17 மரம் தப்புகிறது என்பது உண்மையா?

இங்கே அந்தக் கணக்குப் பொருந்தாது. பழைய அட்டையில் மட்டும் ஓடும் ஆலை எப்போதும் மரம் வெட்டியதில்லை. அட்டை குப்பைமேட்டுக்குப் போகாததும், புதுக் கூழின் தேவை உலக அளவில் குறைவதும் உண்மையான பலன். எண்ணிச் சொல்ல வேண்டுமானால் டன் சொல்லுங்கள்.

சிறு முதலீட்டில் இதைத் தொடங்க முடியுமா?

கிராஃப்ட் காகிதத்தில் முடியாது. பாய்லர், மெஷின், தண்ணீர்ச் சுத்திகரிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று எதையும் சின்னதாக்க முடியாது. அதே பழைய காகிதத்தை வைத்துச் சிறிதாகத் தொடங்கக்கூடியது முட்டை ட்ரே. நாமக்கல் பக்கம் 30 முட்டை ட்ரேக்குத் தேவை ஆண்டு முழுவதும் உண்டு. கூழ் சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமும் குறைவு, குட்டை நாரே போதும், பிஎஃப் யாரும் கேட்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வெயிலில் காயவைக்க முடியாது என்பதுதான் அதில் மாட்டிக்கொள்ளும் இடம். ட்ரையர் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு மெஷினுக்கு முன்பணம் கொடுங்கள்.

காயலாங்கடையிலேயே தரம் கூட்ட வழி உண்டா?

உண்டு, பெரிய செலவுமில்லை. தரையில் மண் மேல் கொட்டாமல் சிமென்ட் தளத்தில் கொட்டுங்கள். பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கும்போதே டேப்பை ஒரே இழுப்பில் உரித்துவிடுங்கள், உள்ளே கிடக்கும் தெர்மாகோலும் கவரும் கண்ணில் படும். கட்டிங், கடைப்பெட்டி, தெருச்சரக்கு மூன்றையும் தனித்தனி பேலாகக் கட்டுங்கள். ஒரு பேலில் கலந்துவிட்டால் ஆலை மூன்றுக்கும் மட்டமான விலையைத்தான் போடும். எடைக்காக நடுவில் ஈரச் சரக்கு வைத்துக் கட்டுவது முதல் லோடில் மாட்டாமல் போகலாம். மாட்டிய பிறகு அந்த ஆலையின் கேட்டில் உங்கள் லாரியின் ஒவ்வொரு பேலையும் வெட்டிப் பார்ப்பார்கள், லாரி இரண்டு நாள் வெளியே நிற்கும்.